கணக்கில் ஏறாத முதல்

(சேலம் அம்மாபேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கம்பெனி நிர்வாகமும் உடைமையும் அறிவு மூலதனமும்" என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். மும்பைப் பங்குச் சந்தை சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டே வந்தவர்களும் இருப்பீர்கள். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த விஷயம் சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம்.

தறியில் பாவு தீர்ந்துபோகிறது. புதுப் பாவு வந்து இறங்குகிறது. பழைய பாவின் நுனிகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடி நிற்கின்றன. புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய பழைய இழையோடு சேர்த்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். பட்டு என்றால் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று இடம் மாறினாலும் துணி நெடுகக் கோடு விழும். பெரும்பாலும் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததல்ல. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து விரல் பழகியது. பட்டு நூலுக்கு ரசீது இருக்கிறது, சரிகைக்கு ரசீது இருக்கிறது, தறிக்கும் ஒரு விலை சொல்லிவிடலாம். அந்த விரல்களுக்கு எந்தப் பேரேட்டில் பக்கம் இருக்கிறது? சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் தறிக்காரர் பெயர் இருக்கும். பாவு பிணைக்கும் அம்மாவின் பெயர் இருப்பது அபூர்வம்.

புத்தகங்கள் அறிவு மூலதனத்தை மூன்று கூறாகச் சொல்லும். ஆட்களின் கையிலும் தலையிலும் இருப்பது ஒன்று. அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் நிறுவனத்திலேயே தங்குவது இன்னொன்று: டிசைன் அட்டை, சாயக் கணக்கு எழுதிய நோட்டு, மென்பொருள், வேலை செய்யும் முறை. வெளியில் இருக்கும் நம்பிக்கை மூன்றாவது. சேலம் வெண்பட்டு வேட்டியைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிப் போகிறாரே ஒருவர், அந்த நம்பிக்கை.

இந்த மூன்றில் பெரும்பகுதி கணக்குப் புத்தகத்தில் ஏறாது. ஏறக்கூடாது என்று விதியே இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரம் 38-இன்படி, ஒரு கம்பெனி தானே வளர்த்தெடுத்த பிராண்டைச் சொத்தாகக் காட்ட முடியாது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அது அந்த வருடச் செலவு. மெஷின் வாங்கினால் சொத்து. அதே மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்தால் செலவு. ஆடிட்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அளக்க முடியாததைச் சொத்து என்று எழுத விட்டால் ஊரில் உள்ள அத்தனை மோசடிக்காரர்களும் கோடி கோடியாக எழுதிவிடுவார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சொத்தை யார் தலைமைக்கு வந்தாலும் காப்பாற்றுவார்கள், ஆடிட்டர் கேட்பார் என்ற பயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்பது உடையவர் யார், அவரைக் கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே அமையும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் நம் ஊர்க் கதை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. திருச்செங்கோட்டில் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்த டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இங்கிருந்துதான் வந்தது. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சென்னையில் இருக்க வேண்டிய தொழிலைச் சேலத்தில் உட்கார்ந்து நடத்தினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தாளர்களுக்குக் கதை இலாகா என்று தனிப் பிரிவு. கண்ணதாசன் அங்கே இருந்தார். 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'க்குக் கலைஞர் மு. கருணாநிதி எழுதினார். மாதச் சம்பளம், நேரக் கட்டுப்பாடு, திட்டமிட்ட செலவு என்று மில் நடத்துவதுபோல் நடத்தினார் சுந்தரம். ஆட்களின் திறமையை நிறுவனத்தின் முறையாக மாற்றுவது எப்படி என்று மேலாண்மைப் பேராசிரியர்கள் எழுதத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அதைச் செய்து காட்டியவர்.

1963-இல் அவர் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றுப் பல படங்களை எடுத்தார். ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் நன்றாகவே ஓடின. வாரிசுமேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஸ்டுடியோ முறையே நாடு முழுக்கத் தேய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் என்னைக் கேட்டால் கோளாறு சுந்தரம் இருந்த காலத்திலேயே இருந்தது. எந்தக் கதையை எடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது, எங்கே நிறுத்துவது என்று அத்தனை தீர்ப்பும் ஒருவரிடம். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அறிவு முறையாக மாறவில்லை, அவரோடு போய்விட்டது. தனி முதலாளியின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். பத்து வருடம் பொறுத்திருந்து ஆட்களை வளர்க்கத் தனி முதலாளியால் முடியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்டச் சொல்லி அவரை யாரும் நெருக்குவதில்லை. 'ஐயா, இது தப்பு' என்று சொல்லவும் அங்கே ஆள் இருக்காது.

குடும்பத் தொழிலில் இதற்கு விதிவிலக்கே இல்லையா என்றால் இருக்கிறது. டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் 1998-இலும், ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் 2002-இலும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கின. தரம் காப்பதற்கான பரிசு அது. உடைமை குடும்பத்திடமே இருந்தது. ஆனால் வேலை அறிவு கடைசித் தொழிலாளியின் மேஜைவரை எழுத்தில் இறங்கியிருந்தது. எழுதி வைத்ததை அடுத்தவர் திருத்தலாம். மனதில் வைத்ததை யார் திருத்துவது?

அம்மாபேட்டைக்கே திரும்புவோம். இங்கே தறி நெசவாளருடையது, பட்டும் சரிகையும் முதலாளியுடையது, கூலி நெசவாளருக்கு. ஜக்கார்டு அட்டை யாருடையது? வரைபடத் தாளில் டிசைன் போட்டு, அட்டை குத்தி, கோத்துத் தறிமேல் தொங்கவிட்டால் அது பணம் கொடுத்தவர் சொத்து. ஆனால் அந்த டிசைன் தறியில் ஏறும்போது கரை சரியாக விழாமல் இரண்டு கட்டம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தவர் நெசவாளர். அந்தத் திருத்தத்துக்குக் கூலி இல்லை, பெயரும் இல்லை. அதனால் என்ன நடக்கிறது? நுணுக்கம் தெரிந்தவர் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார். இவரிடம் கேட்டால்தான் வேலை நடக்கும் என்ற நிலைதான் அவருடைய பாதுகாப்பு. அவர் செய்வது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பங்கு இல்லாத இடத்தில் அறிவைப் பொதுவில் வைக்க யாருக்கு மனம் வரும்?

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வடிவமைப்புச் சட்டம் 2000-இன்படி புது டிசைனைப் பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் மேலும் 5 வருடம் பாதுகாப்பு உண்டு. சந்தைக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்? பக்கத்துத் தெருவில் காப்பியடித்துவிட்டான் என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் பதிவு அலுவலகத்தின் பக்கமே போயிருக்க மாட்டார்கள். அணையைக் கட்டாமல் தண்ணீர் ஓடிவிட்டது என்று அழுவதற்கு இது சமம்.

சரி, நெசவாளர்களே உடைமையாளர்களாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்குத்தானே கூட்டுறவுச் சங்கம். கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது 1935-இல். ஒருவருக்கு ஒரு ஓட்டு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும். அறிவு உள்ளவரே உடையவராகவும் இருக்கும் அமைப்பு, இதைவிட வேறு என்ன வேண்டும்? காகிதத்தில் அப்படித்தான். நடந்ததைப் பாருங்கள். 1976-இல் தமிழ்நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டன. மறுபடி முறையான தேர்தல் நடந்தது 1996-இல். இடையில் 20 வருடம் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. 2001-இல் மீண்டும் கலைப்பு. 2013-இல் தேர்தல், 2018-இல் தேர்தல், 2023-இல் பதவிக்காலம் முடிந்ததும் திரும்பவும் தனி அலுவலர்.

தனி அலுவலர்கள் கெட்டவர்கள் என்பது என் வாதமில்லை. பணம் கையாடல் செய்த தலைவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். கலைத்தபோது கைதட்டியவர்களும் உண்டு. ஆனால் அலுவலர் மாற்றலாகிப் போகிறவர். இருப்புக் கணக்கை அவர் ஒப்படைப்பார். எந்தத் தறிக்காரர் எந்தக் கரையில் கெட்டிக்காரர், எந்தச் சாயப் பட்டறையின் அரக்கு நிறம் வெளுக்காது, எந்த ஊர் வியாபாரி சொன்ன தேதியில் பணம் கொடுப்பார் என்ற கணக்கை அவரால் ஒப்படைக்க முடியாது. அது அவர் கைக்கு வந்ததே இல்லை. 20 வருடம் என்பது ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையில் கூட்டத்தில் எழுந்து பேசி, கணக்குக் கேட்டு, சங்கம் நடத்தப் பழகியிருக்க வேண்டியவர்கள் பழகவே இல்லை. சங்கத்தை நடத்துவதும் ஓர் அறிவு. அது அழிந்ததை எந்தத் தணிக்கை அறிக்கையும் எழுதவில்லை.

இதே மாவட்டத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரத்தை மேம்படுத்தினார். அந்த அறிவை யாரும் பூட்டி வைக்கவில்லை, வைக்கவும் முடியவில்லை. சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று பரவியது. திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எச்-226 போன்ற ரகங்களும் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் வேலையும் அரசுப் பணத்தில் வந்த அறிவு. ஆலைக்காரர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தப் புவிசார் குறியீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வெண்பட்டுக்கும் அது இருக்கிறது. அதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்த உரிமையை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. நம் சட்டத்தில் இப்படி ஒரு சொத்து வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பதிவு ஒரு சங்கத்தின் பெயரிலோ அரசு அமைப்பின் பெயரிலோ இருக்கும். உற்பத்தி செய்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பெயர் பதிந்துகொண்டால்தான், கலப்படக்காரர்மீது வழக்குப் போடும் உரிமை அவருக்கு வரும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறவர் தன் பெயரை மட்டும் கெடுத்துக்கொள்ளவில்லை. நாலு தலைமுறை சேர்த்து வைத்த நம்பிக்கையை எடுத்துச் செலவு செய்கிறார். அவரைக் கண்டுபிடித்து வெளியேற்றும் நெஞ்சுறுதி நிர்வாகக் குழுவுக்கு இல்லையென்றால் குறியீடு வெறும் சட்டம் போட்ட சான்றிதழ், சுவரில் மாட்டலாம்.

அரசு உடைமை பற்றி ஒரு வார்த்தை. சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகுக்கு நாடெங்கும் பெயர் உண்டு. 2019-இல் விற்பனைக்கு விருப்ப விண்ணப்பம் கேட்டார்கள். 2023-இல் அதை ரத்து செய்தார்கள். விற்பது சரியா தவறா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. நாளை யார் முதலாளி என்று தெரியாத இடத்தில் நல்ல இன்ஜினியர் எத்தனை நாள் இருப்பார்?

இப்போது பெரிய கம்பெனிகளுக்கு வருவோம். ஸ்வீடனில் ஸ்காண்டியா என்ற காப்பீட்டு நிறுவனம். 1990-களின் நடுவில், ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்கென்று தனி இணைப்பே வெளியிட்டு உலகத்துக்கு வழிகாட்டியது. லெய்ஃப் எட்வின்சன் என்பவர் அதற்குப் பொறுப்பு. இந்தத் துறையின் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் தவறாமல் வரும். அதே ஸ்காண்டியாவில் 2003-இல் என்ன வெளியே வந்தது தெரியுமா? தலைமை அதிகாரிகள் தங்களுக்குத் தாங்களே அள்ளிக்கொண்ட போனஸ், கம்பெனிப் பணத்தில் புதுப்பித்த வீடுகள். சில வருடங்களில் ஓல்டு மியூச்சுவல் என்ற அந்நிய நிறுவனம் அதை விழுங்கிவிட்டது. அறிவு மூலதனத்தை அளக்கத் தெரிந்ததனால் மட்டும் அது காப்பாற்றப்பட்டுவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம். 2008 டிசம்பர் 16 அன்று, தலைவரின் குடும்பத்தார் நடத்திய மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. அந்தக் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார். சுயேச்சை இயக்குநர்கள் எல்லாரும் பெரிய பெயர்கள். படிப்புக்குப் பஞ்சமே இல்லை. பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கினார்கள். 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் காட்டியிருந்த 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். ரொக்கம் பொய். ஆனால் இன்ஜினியர்கள் நிஜம், அவர்கள் எழுதிய மென்பொருள் நிஜம், உலகமெங்கும் இருந்த வாடிக்கையாளர்கள் நிஜம். பேலன்ஸ் ஷீட்டில் எழுதியிருந்தது ஆவியாகிப் போனது, எழுதாதது மிஞ்சியது. அதுவும் கொஞ்ச நாள்தான் மிஞ்சும். ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. மத்திய அரசு பழைய குழுவை நீக்கி, கிரண் கார்னிக், தீபக் பரேக் போன்றவர்களை உட்கார வைத்தது. அவர்கள் சம்பளத்துக்குப் பணம் திரட்டினார்கள், வாடிக்கையாளர்களிடம் பேசினார்கள், தலைமை நிர்வாகியாக உள்ளே வேலை தெரிந்த ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் எடுத்தது. மூன்று மாதம். ஆள் மாறவில்லை, தொழில் மாறவில்லை. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நம் பக்கத்திலேயே. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. ஜவுளிக்காரர், மளிகைக்காரர், விவசாயி இவர்களில் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முகம் பார்த்துச் சொல்லும் மேனேஜர்கள்தான் அதன் உண்மையான முதல். பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய கடன் என்று வங்கி திரும்பியபோது அந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போனது. புதுத் தொழிலுக்கு வேண்டிய அறிவு அங்கே இல்லை. கடன்கள் கையைக் கடித்தன. 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். காலம் கடந்த கோபம். நவம்பரில் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதல் முழுக்க ஒன்றுமில்லாமல் போனது.

சட்டம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2013 கம்பெனிச் சட்டப்படி பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்த கோட்டக் கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகு, எந்த இயக்குநருக்கு எந்தத் திறமை என்று ஆண்டறிக்கையில் அட்டவணை போட வேண்டும். முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் வெளியிடும் பொறுப்பு அறிக்கையில், எத்தனை சதவீத ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்ற கணக்கும் வருகிறது. வணிகவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, பங்கு வாங்குமுன் லாபக் கணக்கைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள். லாபம் ஏறி, பயிற்சி குறைந்து, ஆட்கள் போய்க்கொண்டிருந்தால் அந்தக் கம்பெனி தன் முதலைத் தின்றுகொண்டிருக்கிறது.

சுயேச்சை இயக்குநர்கள் மட்டும் போதும் என்று நம்புகிறவன் நானில்லை, சத்யத்தில் இருந்தார்களே. தொழில் தெரிந்தவர், பதவி போய்விடுமோ என்ற பயமில்லாதவர், கேள்வி கேட்டால் பதில் வாங்கும் உரிமை உள்ளவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை நெசவாளர் சங்கத்தில் தேடினால் தறிக்குழியில் இருப்பார். பாவு பிணைக்கும் அம்மாவாகவும் இருப்பார்.

சங்க உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பேரவைக் கூட்டத்தில் போனஸைக் கேளுங்கள், கூலி உயர்வைக் கேளுங்கள், அவை உங்கள் உரிமை. கூடவே இன்னும் மூன்றைக் கேட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள்: பாவு பிணைக்கும் பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது எப்போது, கடந்த ஆண்டு புது டிசைன்களில் எத்தனை பதிவானது, வெண்பட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் பட்டியலில் நம் ஆட்கள் எத்தனை பேர். தனி அலுவலராக இருந்தாலும் தலைவராக இருந்தாலும், எழுத்தில் ஏறிய கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.